முதல் மின்னணுக் கணினிகளைக் கட்டியோரின் நினைவுகள்

வால்வுகளால் ஆன முதல் தலைமுறைக் கணினிகளை வடிவமைத்து, கம்பி இழுத்து, சால்டர் வைத்து ஓடவிட்ட பொறியாளர்கள் பிற்காலத்தில் எழுதியும் சொல்லியும் வைத்த செய்திகள் கணினி வரலாற்றின் அடிப்படை மூலங்களுள் ஒன்று. தன்வரலாறு, இதழ்க் கட்டுரை, மாநாட்டு உரை, நீதிமன்ற வாக்குமூலம், ஒலிநாடாப் பதிவு எனப் பல வடிவங்களில் இவை கிடைக்கின்றன. 1930களின் இறுதி தொடங்கி 1960 வரை அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, சோவியத் ஒன்றியம், இந்தியா ஆகிய நாடுகளில் நடந்த வேலைகளை இவை பேசுகின்றன. சொல்லப்பட்டதோ பெரும்பாலும் இருபது முப்பது ஆண்டுகள் கழித்து.

இவ்வளவு அண்மைக் காலச் செய்திக்கு மனிதரின் ஞாபகத்தை இந்த அளவு நம்பவேண்டிய நிலை வேறு துறைகளில் அரிது. காரணம், இயந்திரங்கள் பெரும்பாலும் மிஞ்சவில்லை. அயோவா மாநிலக் கல்லூரியில் அட்டனாசாஃபும் கிளிஃபர்ட் பெர்ரியும் கட்டிய கணக்குப்பொறி 1948இல் பிரித்துப் போடப்பட்டது. பெர்லினில் கொன்ராட் சூசேயின் இசட்-3 1943இல் குண்டுவீச்சில் அழிந்தது. கேம்பிரிட்ஜின் எட்சாக் 1958இல் நிறுத்தப்பட்டுக் கழிவாயிற்று. மான்செஸ்டரின் முதல் கணினி அடுத்த கணினிக்குள் கரைந்துபோனது. முதல் தலைமுறையில் ஏறக்குறைய முழு உருவில் இன்றும் நிற்பவை ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐராக் போன்ற மிகச் சிலவே. வரைபடங்களும் முழுத் துணையல்ல. பகலில் வரைந்த சுற்றை இரவில் சால்டர் கோலோடு மாற்றியவர்கள் அந்த மாற்றத்தைத் தாளில் குறித்தது அரிது.

கிடைத்திருக்கும் நினைவுகளை அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. வெப்பம், தூசு, பழுது, கருவியின் குணம் என்று கைபட்ட விஷயங்களில் இவர்களின் ஞாபகம் வியக்கத்தக்க அளவு துல்லியமானது. ‘யார் முதலில்’, ‘எனக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்தது’ என்ற கேள்விகளில் அதே ஞாபகம் தடுமாறுகிறது. இந்த நினைவுகள் வெளிவந்த சூழலும் அதற்கு ஒரு காரணம்: ஒரு பக்கம் அரசு ரகசியம், மறுபக்கம் காப்புரிமை வழக்கு.

ரகசியத்தின் முப்பது ஆண்டுகள்

லண்டனின் டாலிஸ் ஹில்லில் இருந்த தபால் துறை ஆய்வு நிலையத்தில் தொலைபேசிப் பொறியாளராக இருந்தவர் டாமி ஃபிளவர்ஸ். ஜெர்மன் படைத் தலைமையின் லோரென்ஸ் டெலிபிரிண்டர் மறையீட்டை உடைக்க அவர் கட்டியதே கொலோசஸ். (எனிக்மா என்ற இன்னொரு ஜெர்மன் மறையீட்டை உடைத்தது கொலோசஸ் என்று இன்றும் எழுதப்படுகிறது; தவறு.) அதற்கு முன், பிரிட்டனின் மறையீட்டு உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் இருந்த பொறி, இரண்டு காகித நாடாக்களை ஒரே வேகத்தில் ஓட்டி ஒப்பிட வேண்டியது. நாடா நீளும், கிழியும், தாளம் தவறும். ஒரு நாடாவின் வேலையை வால்வுச் சுற்றுகளே செய்துவிட்டால் போதும் என்றார் ஃபிளவர்ஸ். ஆயிரத்துக்கு மேல் வால்வு வைத்தால் அது ஒருநாளும் ஒழுங்காக ஓடாது என்பது மற்றவர் எண்ணம். போருக்கு முன்பே தொலைபேசி இணைப்பகத்தில் 3,000 வால்வுகளுக்கு மேல் வைத்து ஓட்டிய அனுபவம் ஃபிளவர்ஸுக்கு இருந்தது. அணைக்காமல் விட்டுவிட்டால் வால்வு நீண்டநாள் உழைக்கும் என்பது அவர் கண்டறிந்த எளிய உண்மை.

முதல் கொலோசஸ் ஏறத்தாழ 1,600 வால்வுகளோடு 1943 டிசம்பரில் டாலிஸ் ஹில்லில் ஓடியது. 1944 ஜனவரியில் பிளெட்ச்லிக்குப் போனது. நாடாவை எவ்வளவு வேகத்தில் ஓட்டலாம் என்று சோதித்தபோது நொடிக்கு 9,700 எழுத்து என்ற வேகத்தில் அது அறுந்து துண்டு துண்டாகப் பறந்ததாக ஃபிளவர்ஸ் சொல்லியிருக்கிறார். பிறகு 5,000 என்று வரம்பு வைத்தார்கள். சுமார் 2,400 வால்வு கொண்ட இரண்டாம் வடிவம் ஜூன் 1ஆம் தேதிக்குள் வேண்டும் என்ற ஆணை. முந்தைய இரவுவரை அது சரிவர இயங்கவில்லை. மற்றவர்கள் களைத்து உறங்கப் போக, பில் சாண்ட்லர் தங்கிப் பழுதைத் தேடினார். அந்த நேரம் பார்த்து வெந்நீர் ரேடியேட்டர் கசிந்து, உயர் மின்னழுத்தம் ஓடிய சட்டகத்தை நோக்கித் தண்ணீர் பரவியது. விடிவதற்குள் இயந்திரம் வேலைசெய்தது. போர் முடிந்தபோது பத்து கொலோசஸ்கள் இருந்தன. எட்டைப் பிரித்துப் போட்டார்கள். ஆவணங்களை அழிக்கச் சொன்னார்கள். வரைபடங்களைத் தானே கொதிகலன் நெருப்பில் போட்டு எரிவதைப் பார்த்து நின்றதாக ஃபிளவர்ஸ் பின்னாளில் கூறினார்; அந்த உத்தரவைப் பெருந்தவறு என்றார்.

அதன்பின் மௌனம். ஃபிளவர்ஸும் அவருடைய தோழர்கள் ஆலன் கூம்ஸ், சாண்ட்லர் ஆகியோரும் ஏறத்தாழ முப்பது ஆண்டு வாய் திறக்கவில்லை. பாட நூல்களில் அமெரிக்காவின் எனியாக்கே முதல் மின்னணுக் கணினி என்று எழுதப்பட்டதை அவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் வரலாற்றாய்வாளர் பிரையன் ராண்டெல் பிரதமருக்கே எழுதிக் கேட்டார். 1974இல் முன்னாள் விமானப்படை அதிகாரி விண்டர்பாதமின் நூல் பிளெட்ச்லி பார்க்கின் கதையைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. 1975இல் கொலோசஸின் சில புகைப்படங்களை அரசு வெளியிட்டது. பொறியாளர்கள் தொழில்நுட்ப விவரத்தோடு எழுத 1983 ஆனது. அமெரிக்க ஆய்விதழான ‘ஆனல்ஸ் ஆஃப் தி ஹிஸ்டரி ஆஃப் கம்ப்யூட்டிங்’ அந்த ஆண்டு ஒரே இதழில் மூவரின் கட்டுரைகளையும் வெளியிட்டது.

இவ்வளவு காலம் அடைபட்டுக் கிடந்த நினைவை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நார்மண்டிப் படையிறக்கத்துக்கு முந்தைய நாள், கொலோசஸ் உடைத்த செய்தி ஒன்று கூட்டத்தின் நடுவே நேசப்படைத் தலைவர் ஐசன்ஹோவரின் கையில் கொடுக்கப்பட்டது, அதன் பேரில் அவர் முடிவெடுத்தார் என்று ஃபிளவர்ஸ் சொன்ன கதை பலமுறை அச்சேறியிருக்கிறது. ஃபிளவர்ஸ் அந்த அறையில் இல்லை. யாரோ அவருக்குச் சொன்னது அது. வரலாற்றாய்வாளர் பலர் அதை ஏற்பதில்லை. ரேடியேட்டர் கசிந்த கதையை நம்பும் அதே மனம் இதைத் தள்ளிவைப்பதில் முரண் ஏதும் இல்லை.

நீதிமன்றத்தில் நினைவு

அமெரிக்காவில் நிலைமை நேரெதிர். அங்கே பொறியாளர்கள் பேசாமல் இருக்க முடியவில்லை. சத்தியம் செய்து பேசவேண்டி வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பள்ளியில் 1943 முதல் 1945 வரை பிரெஸ்பர் எக்கர்ட்டும் ஜான் மாக்லியும் கட்டிய எனியாக்குக்கு 1947இல் காப்புரிமை கேட்கப்பட்டு 1964இல்தான் கிடைத்தது. உரிமை அதற்குள் ஸ்பெரி ராண்ட் நிறுவனத்திடம் போயிருந்தது. கட்டணம் கேட்ட ஸ்பெரி ராண்டை எதிர்த்து ஹனிவெல் 1967இல் வழக்குத் தொடர்ந்தது. மினியாபொலிஸில் 1971 ஜூனில் தொடங்கிய விசாரணையில் எழுபதுக்கும் மேற்பட்ட சாட்சிகள் நேரில் வந்தார்கள். ஆவணங்கள் பல்லாயிரம்.

விசாரணையின் மையம் 1941 ஜூனில் மாக்லி அயோவாவுக்குப் போய் அட்டனாசாஃபின் விருந்தினராகத் தங்கிய சில நாட்கள். அங்கே அவர் எதைப் பார்த்தார், எவ்வளவு புரிந்துகொண்டார்? அட்டனாசாஃபின் நினைவில் மாக்லி இயந்திரத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தார். மாக்லியின் நினைவில் அது முடிவடையாத, அவ்வளவாகக் கவராத ஒரு பொருள். 1937 குளிர்காலத்தில் ஒருநாள் இரவு, ஒன்றும் பிடிபடாத எரிச்சலில் காரை எடுத்துக்கொண்டு பக்கத்து மாநிலமான இல்லினாய் வரை போய், சாலையோர மதுக்கடை ஒன்றில் உட்கார்ந்தபோது இரண்டடிமான எண்கள், வால்வு, மின்தேக்கி நினைவகம் ஆகியவை தன் மனத்தில் ஒன்றுகூடியதாக அட்டனாசாஃப் விவரித்தார். கணினி வரலாற்றில் மிக அதிகமாக மறுபடி சொல்லப்பட்ட கதைகளில் இதுவும் ஒன்று. சாட்சி சொல்லப் பெர்ரி இல்லை, 1963இலேயே இறந்துவிட்டார்.

நீதிபதி எர்ல் லார்சன் 1973 அக்டோபர் 19 அன்று காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தார். எக்கர்ட்டும் மாக்லியும் கருப்பொருளை அட்டனாசாஃபிடமிருந்து பெற்றார்கள் என்பது அவர் முடிவு. மறுநாள் வாட்டர்கேட் விவகாரத்தில் நிக்சன் சிறப்பு வழக்கறிஞரை நீக்கியதால் செய்தித்தாள்களில் இதற்கு இடமே இல்லாமல் போயிற்று. தீர்ப்பு சச்சரவை முடித்துவைக்கவில்லை. எனியாக் அணியில் இருந்த ஆர்தர் பர்க்ஸ் அட்டனாசாஃப் பக்கம் எழுத, மாக்லியின் மனைவி கேத்லீன் கணவரின் தாள்களோடு மறுத்து எழுத, 1980களிலும் அது தொடர்ந்தது. வழக்கின் பேறு வேறொன்று: வேறெவரும் கேட்டிராத நுணுக்கத்தோடு வழக்கறிஞர்கள் கேள்வி கேட்டதால், 1940களின் ஆய்வுக்கூட நாட்கள் தேதிவாரியாகப் பதிவாகிவிட்டன. அதன் கேடும் அதிலேயே இருக்கிறது. ஒருமுறை சாட்சிக்கூண்டில் சொன்னதை அதன்பின் எவரும் மாற்றிச் சொல்லத் துணியவில்லை.

எம்ஐடியில் வேர்ல்விண்ட் கணினியைக் கட்டிய ஜே ஃபாரஸ்டர் காந்த வளைய நினைவகத்துக்காகப் பட்ட பாட்டை நகைச்சுவையோடு சொல்வார்: அது பயன்படும் என்று தொழில்துறையை நம்பவைக்க ஏழு ஆண்டு, அதை நாங்களே முன்பு கண்டுபிடித்தோம் என்று சொன்னவர்களை மறுத்து நீதிமன்றத்தில் நிற்க இன்னொரு ஏழு ஆண்டு. 1964இல் ஐபிஎம் 1.3 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது.

ஒலிநாடாக்களும் ஒரு கூட்டமும்

வழக்கு நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் முன்னோடிகளைத் தேடிப்போய் ஒலிநாடாவில் பதிவுசெய்யத் தொடங்கியிருந்தது. பின்னர் மினசோட்டாவில் அமைந்த சார்லஸ் பாபேஜ் நிறுவனம் அந்த வேலையை விரிவாக்கியது. 1979இல் ‘ஆனல்ஸ்’ இதழ் தொடங்கியது. சூசே மட்டும் இவர்கள் எவருக்கும் காத்திராமல் 1970இலேயே ஜெர்மனில் தன்வரலாறு எழுதிவிட்டார். ரிலேக்களுக்குப் பதிலாக வால்வுகளைப் போடலாம் என்று நண்பர் ஹெல்முட் ஷ்ரையர் சொன்னபோது அதை மாணவக் குறும்பாக எடுத்துக்கொண்டதை அதில் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். போரின் கடைசி மாதங்களில் இசட்-4 கணினியைப் பெர்லினிலிருந்து வெளியேற்ற வண்டி கிடைக்காமல் திண்டாடியபோது, ‘வி-4’ என்ற அதன் அப்போதைய பெயர் வி-1, வி-2 ஏவுகணைகளின் தம்பி என்று அதிகாரிகளை எண்ணவைத்துக் கதவுகளைத் திறந்துவிட்டதாம்.

1976 ஜூனில் லாஸ் அலமோஸில் கூடிய மாநாடு இந்த வரலாற்றில் தனியிடம் பெற்றது. எக்கர்ட், மாக்லி, சூசே, பிரின்ஸ்டனில் வான் நாய்மனின் இயந்திரத்தைக் கட்டிய ஜூலியன் பிக்லோ என்று உயிரோடிருந்த முன்னோடிகள் பலர் ஒரே அரங்கில் இருந்தார்கள். அங்கே ராண்டெல் கொலோசஸ் பற்றிய தன் ஆய்வை வாசித்தார், கூம்ஸும் வந்திருந்தார். முதல் மின்னணுக் கணினியை உருவாக்கியவர்களில் தானும் ஒருவர் என்று அதுவரை எண்ணியிருந்த மாக்லியின் வாய் திறந்தபடி நின்றதையும், சூசேயின் முகம் வாடியதையும் அங்கிருந்த பாப் பீமர் எழுதிவைத்திருக்கிறார். அந்த அரங்கில் பேசப்பட்டவை 1980இல் நூலாயின.

வால்வு, பாதரசம், வெப்பம்

‘முதல்’ சச்சரவுகளைத் தாண்டினால் இந்த நினைவுகளின் உண்மையான செல்வம் தெரிகிறது. ஒன்றை ஒன்று அறியாத குழுக்கள் ஒரே முடிவுக்கு வந்ததை அவை தனித்தனியே சொல்கின்றன. ஃபிளவர்ஸைப் பற்றிக் கேள்விப்பட்டேயிராத எக்கர்ட், பிலடெல்பியாவில் ஏறத்தாழ 18,000 வால்வுகளோடு மல்லுக்கட்டினார். குறித்த அளவுக்குக் குறைவான மின்னழுத்தத்தில் ஓட்டினால் வால்வு நீண்டு உழைக்கும், அணைத்து ஏற்றும்போதுதான் அதிகம் போகும் என்பது அவருடைய அனுபவமும். கடலுக்கு இருபுறமும் இருந்த சாட்சிகள் கலந்துபேசாமல் ஒன்றைச் சொன்னால் அதை நம்பலாம்.

எக்கர்ட் 1989இல் கொடுத்த நேர்காணலில் சில கட்டுக்கதைகளை உடைத்தார். எனியாக்கை ஏற்றியதும் பிலடெல்பியாவின் விளக்குகள் மங்கின என்பது பத்திரிகையாளர் கற்பனை. வால்வுப் பெட்டியோடு ஒருவர் நிமிடத்துக்கு ஒன்று மாற்றிக்கொண்டு ஓடினார் என்பதும் அப்படியே. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒன்று போகும், கால் மணி நேரத்துக்குள் கண்டுபிடிப்பார்களாம். எலி கதை மட்டும் உண்மை. கம்பியின் உறையை எலி கடிக்கும் என்பதால், கிடைத்த கம்பி வகைகளையெல்லாம் எலிக் கூண்டில் போட்டு, எலிக்குப் பிடிக்காததையே வாங்கினார்கள்.

கணக்கிடுவதைக் காட்டிலும் நினைவில் வைப்பதுதான் அந்தக் காலத்தின் பெரிய தொல்லை. எட்சாக்கைக் கட்டிய மாரிஸ் வில்க்ஸ் 1985இல் வெளியிட்ட தன்வரலாறு இதில் மிகச் செழிப்பானது. 1946 மே மாதம் காம்ரி என்ற கணக்கிடல் வல்லுநர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த, எட்வாக் என்ற கணினித் திட்டத்தின் அறிக்கையை ஒரே ஓர் இரவுக்கு அவரிடம் கொடுத்தார். பிரதியெடுக்கும் பொறி இல்லாத காலம்; வில்க்ஸ் இரவெல்லாம் விழித்துப் படித்தார். அந்த ஆகஸ்டில் மூர் பள்ளியின் விரிவுரைகளுக்குக் கப்பல் தாமதத்தால் பாதியில் போய்ச் சேர்ந்து, திரும்பும்போது குயீன் மேரி கப்பலிலேயே எட்சாக்கின் வரைவைத் தொடங்கினார்.

எட்சாக்கின் நினைவகம் பாதரசம் நிரம்பிய எஃகுக் குழாய்கள். ஒன்றரை மீட்டர் நீளக் குழாயின் ஒரு முனையில் படிகக்கல் அதிர்ந்து ஒலித்துடிப்பை அனுப்பும். மறுமுனையில் வந்து சேர்ந்ததை மின்துடிப்பாக்கிப் பெருக்கி மீண்டும் முதல் முனைக்கே அனுப்புவார்கள். இப்படிச் சுற்றிக்கொண்டிருக்கும் துடிப்புகளே சேமித்த எண்கள். குழாய் ஒன்றில் 576 துடிப்புகள். வெப்பநிலை சற்று மாறினாலும் ஒலியின் வேகம் மாறிக் கணக்கு குலையும். போர்க்கால ராடாரில் இதே உத்தியில் கைதேர்ந்திருந்த டாமி கோல்ட் கேம்பிரிட்ஜிலேயே இருந்தது வில்க்ஸின் அதிர்ஷ்டம். குழாயின் அளவுகளை அவர்தான் சொன்னார். பாதரசத்துக்குப் பதில் ஜின் ஊற்றலாம், அதில் உள்ள சாராயமும் தண்ணீரும் அறை வெப்பத்தில் ஒலி வேகம் மாறாத விகிதத்தில் இருக்கின்றன என்று ஆலன் டூரிங் சொன்னதை வில்க்ஸ் குறும்போடு பதிவுசெய்திருக்கிறார். எட்சாக் 1949 மே 6 அன்று 0 முதல் 99 வரையான எண்களின் வர்க்கங்களை அச்சிட்டது.

மான்செஸ்டரில் வேறு வழி. ராடார்க் கூடத்திலிருந்து வந்த ஃபிரெட்டி வில்லியம்ஸும் டாம் கில்பர்னும் படக்குழாயின் திரையில் மின்னூட்டப் புள்ளிகளாக எண்களைச் சேமித்தார்கள். புள்ளி கணப்பொழுதில் மங்கும். மங்குமுன் படித்து மீண்டும் எழுதிக்கொண்டே இருக்கவேண்டும். ஜெஃப் டூட்டில்லும் சேர்ந்து கட்டிய சிறிய இயந்திரம் 32 சொற்களே கொண்டது. திரையில் புள்ளிகள் வெறிகொண்டு ஆடியதையும், ஒவ்வொரு முறையும் பயனின்றி அடங்கியதையும், ஒருநாள் ஆட்டம் நின்றபோது எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்த விடை ஒளிர்ந்ததையும் வில்லியம்ஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த நாள் 1948 ஜூன் 21. பதினேழு கட்டளைகள் கொண்ட நிரல் 2இன் 18ஆம் அடுக்குக்கு, அந்த எண்ணைத் தவிர்த்த மிகப்பெரிய காரணியை 52 நிமிடத்தில் கண்டது. வெற்றிக்குப் பின் உழைப்பை இரட்டிப்பாக்கியதாகவும் சொல்வார் வில்லியம்ஸ்: இன்னொரு உதவியாளரை வேலைக்கு எடுத்தார்கள், அவ்வளவுதான்.

அதே மான்செஸ்டர்தான் ஞாபகத்தின் இன்னொரு பக்கத்தையும் காட்டுகிறது. எண்கள் முகவரியுள்ள வீடுகளில் குடியிருக்கும் என்று மான்செஸ்டர் கணிதப் பேராசிரியர் நியூமனும் டூரிங்கும் தங்களுக்குக் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்ததாக வில்லியம்ஸ் எழுதினார். கில்பர்னின் நினைவோ, 1945க்கும் 1947க்கும் இடையில் எப்படியோ கணினி என்றால் என்னவென்று தனக்குத் தெரிந்திருந்தது, எங்கிருந்து என்று தெரியவில்லை என்பது. 1946 டிசம்பர் முதல் 1947 பிப்ரவரி வரை லண்டனில் டூரிங்கும் அவருடைய சக ஆய்வாளர் வில்கின்சனும் நடத்திய விரிவுரைகளில் கில்பர்ன் உட்கார்ந்திருந்தார் என்பதைப் பின்னாளில் வரலாற்றாய்வாளர் ஜாக் கோப்லண்ட் எடுத்துக்காட்டினார். இதில் பொய் ஏதும் இல்லை. கற்றது தன்னுடையதாகிவிட்டபின் கற்ற இடம் மறந்துபோகிறது. நல்ல பொறியாளருக்கு அது இன்னும் எளிதில் நேர்கிறது போலும்.

சோவியத் ஒன்றியத்தில், கீவ் நகருக்கு வெளியே ஃபியோஃபானியாவில் செர்கேய் லெபெதேவின் குழு மெஸ்ம் என்ற இயந்திரத்தைக் கட்டியது. போரில் சிதைந்த பழைய கட்டடம், காட்டுக்குள் சேற்றுப் பாதை. ஏறத்தாழ 6,000 வால்வுகளின் சூட்டைத் தாங்கமுடியாமல் அறையின் மேற்கூரையில் ஒரு பகுதியைப் பிரித்துவிட்டார்கள். இயந்திரம் 1950 நவம்பரில் முதன்முறை ஓடி, 1951 டிசம்பரில் முறையாக வேலைக்கு வந்தது. குழுவில் இருந்த லெவ் தாஷெவ்ஸ்கியும் கேத்தரீனா ஷ்காபராவும் 1981இல் சேர்ந்து எழுதிய சிறுநூலே அந்த நாட்களுக்கு முதன்மைச் சாட்சி.

கேட்கப்படாதவர்கள்

பொறியாளர் என்ற சொல்லுக்கு ஆண் என்றே பொருள் கொண்டதால் சில நினைவுகள் மிகத் தாமதமாக வந்தன. எனியாக்கை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றுவது என்றால் நூற்றுக்கணக்கான கம்பிகளைப் பிடுங்கிச் சொருகி, ஆயிரக்கணக்கான சுவிட்சுகளைத் திருப்புவது. இதைச் செய்த ஆறு பெண்கள், ரகசிய அனுமதி கிடைக்கும்வரை இயந்திரத்தின் அருகே விடப்படாமல், வரைபடத் தாள்களிலிருந்தே அதைக் கற்றார்கள். அவர்களில் ஒருவரான ஜீன் பார்ட்டிக் சொன்ன கதை இது. 1946 பிப்ரவரி 15 அன்று விருந்தினர்முன் குண்டுப்பாதைக் கணக்கு ஓடவேண்டும். குண்டு தரையில் விழுந்த பிறகும் கணக்கு நிற்காமல் ஓடியது. முந்தைய நாள் இரவு பழுது தெரியாமலே வீட்டுக்குப் போனார்கள். தூங்கி எழுந்த பெட்டி ஸ்னைடருக்கு எந்தச் சுவிட்ச் என்று தெரிந்திருந்தது. நேரே வந்து அதைத் திருப்பினார். காட்சி நன்றாக முடிந்தது. அன்றிரவு விருந்துக்கு அவர்களில் எவரையும் அழைக்கவில்லை.

1980களில் மாணவியாக இருந்த கேத்தி கிளைமன், எனியாக் படங்களில் நிற்கும் இந்தப் பெண்கள் யார் என்று கேட்டபோது, குளிர்பதனப் பெட்டி விளம்பரங்களில் அழகுக்கு நிற்கும் பெண்களைப் போன்றவர்கள் என்று பதில் கிடைத்தது. அவர் அவர்களைத் தேடிப்போய்ப் பதிவுசெய்தார். பார்ட்டிக்கின் தன்வரலாறு அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து 2013இல் வந்தது. கேத்லீன் மாக்லியும் இந்த ஆறு பேரில் ஒருவர்தான் என்பதை முன்பு சொன்ன சச்சரவோடு சேர்த்துப் படிக்கவேண்டும்: கணவருக்காக வாதாடியவர், அந்த இயந்திரத்தில் தன் கையால் வேலைசெய்தவரும்கூட.

மும்பையின் டிஃப்ராக்

இந்தியாவில் மின்னணுக் கணினியை முழுதாக வடிவமைத்துக் கட்டிய முதல் முயற்சி மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்தது. குழுவை வழிநடத்திய ஆர். நரசிம்மன் சென்னையில் பிறந்து கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்பு படித்தவர். அமெரிக்காவில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று 1954இல் ஹோமி பாபா நிறுவிய இந்த நிறுவனத்தில் சேர்ந்தார். மற்றவர்கள் மின்சுற்று தெரிந்த இளைஞர்கள். கணினி கட்டிய அனுபவம் ஒருவருக்கும் இல்லை. முதலில் பழகிப் பார்க்க ஒரு சிறிய முன்மாதிரியைக் கட்டினார்கள்; அது 1956இல் ஓடியது. பிறகு முழு இயந்திரம்: 2,700 வால்வு, 1,700 ஜெர்மானியம் டையோடு, 12,500 மின்தடை, 40 பிட் சொல். நினைவகத்துக்குப் பாதரசமும் வேண்டாம், படக்குழாயும் வேண்டாம் என்று ஃபெரைட் வளையங்களையே எடுத்துக்கொண்டார்கள். தாமதமாகத் தொடங்கியதன் ஒரே லாபம் அது. விடையைக் கோட்டுருவாகக் காட்டும் திரையையும் தாங்களே செய்தார்கள். 1960 பிப்ரவரியில் பயன்பாட்டுக்கு வந்த இயந்திரத்துக்கு 1962இல் நேரு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார்.

குழுவில் இருந்த பி.வி.எஸ். ராவ் 2008இல் ‘ரெசனன்ஸ்’ இதழில் எழுதிய பின்னோக்குக் கட்டுரை இந்த முயற்சியைப் பற்றிய நேரடிச் சாட்சி. டிஃப்ராக் ஓடத் தொடங்கியபோதே வெளிநாடுகளில் டிரான்சிஸ்டர் கணினிகள் வந்துவிட்டன. 1964இல் அதே நிறுவனத்துக்கு அமெரிக்காவின் சிடிசி-3600 வந்தபின் டிஃப்ராக்கின் காலம் முடிந்தது. ஆனாலும் அதைக் கட்டிப் பழகிய கைகள்தான் நாட்டின் அடுத்த கட்டக் கணினி வேலைகளுக்குக் கிடைத்தன. இங்கே காப்புரிமை வழக்கும் இல்லை, போர் ரகசியமும் இல்லை. அதனாலேயோ என்னவோ, கேட்டுப் பதிவுசெய்யும் அவசரமும் யாருக்கும் இருக்கவில்லை. ராவ் எழுதியது நரசிம்மன் மறைந்த மறு ஆண்டு.

மீண்டும் கட்டிச் சோதித்தல்

நினைவைச் சரிபார்க்க ஆவணம் கிடைக்காத இடத்தில் பிரிட்டனில் வேறொரு வழி கண்டார்கள்: இயந்திரத்தையே மறுபடி கட்டுவது. 1989இல் தொடங்கிய கணினிப் பாதுகாப்புக் கழகம் இதற்கு அடித்தளம். பொறியாளர் டோனி சேல் 1993இல் கொலோசஸை மீண்டும் கட்டத் தொடங்கியபோது கையில் இருந்தவை சில போர்க்காலப் புகைப்படங்களும், பொறியாளர் சிலர் உத்தரவை மீறிப் பத்திரப்படுத்திய சுற்று வரைபடத் துண்டுகளும்தான். மீதி, உயிரோடிருந்தவர்களின் ஞாபகம். 1996 ஜூனில் அது இயக்கப்பட்டபோது ஃபிளவர்ஸ் நேரில் இருந்தார். இரண்டு ஆண்டு கழித்து இறந்தார். மான்செஸ்டர் இயந்திரத்தைக் கிறிஸ் பர்ட்டனின் குழு மீண்டும் கட்டி, 1998 ஜூன் 21 அன்று, சரியாக ஐம்பதாம் ஆண்டு நாளில் ஓட்டிக்காட்டியது. முதல் நிரலின் மூல வடிவம் எந்தத் தாளிலும் இல்லை. டூட்டில்லின் குறிப்பேட்டில் இருந்தது 1948 ஜூலையில் திருத்திய வடிவம். அதிலிருந்து பின்னோக்கி, கில்பர்னையும் டூட்டில்லையும் வைத்துக்கொண்டு, முதல் நிரலை மீட்டார்கள்.

கட்டாமலே ஒரு நினைவு உறுதியான கதையும் உண்டு. எட்சாக் அறைக்கும் நாடாவில் துளையிடும் இடத்துக்கும் இடையே படியேறிக்கொண்டிருந்தபோது, மிஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதி தன் நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்று சட்டென உறைத்ததாக வில்க்ஸ் எழுதினார். நிரலாளர்கள் அதிகம் எடுத்துச்சொல்லும் நினைவு அது. அழகாக அமைந்திருப்பதாலேயே சற்றுச் சந்தேகத்துக்குரியதும்கூட. அந்த நாட்களில் அவர் எழுதிய நிரல் ஒன்றின் காகித நாடா பின்னாளில் கிடைத்தது. ஏரி என்ற வானியலாளர் பெயரால் அழைக்கப்படும் சமன்பாட்டைத் தீர்க்கும் நிரல், 126 வரிகள். வரலாற்றாய்வாளர் மார்ட்டின் கேம்பல்-கெல்லி அதை வரிவரியாகப் படித்து 1992இல் எழுதினார். சுமார் இருபது பிழைகள் இருந்தன.

எட்சாக்கின் மறுகட்டுமானம் பிளெட்ச்லி பார்க்கில் உள்ள தேசியக் கணினி அருங்காட்சியகத்தில் நடந்தது. புகைப்படங்களை உருப்பெருக்கியும் பழைய அறிக்கைகளைக் கூட்டிப் படித்தும் சுற்றுகளை ஊகித்துச் சட்டகங்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2014இல் 19 மூல வரைபடங்கள் கிடைத்தன. 1959இல் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர், கழித்துப்போடக் கிடந்த தாள்களிலிருந்து எடுத்து வீட்டில் வைத்திருந்தவை அவை. குழு அவற்றைத் தங்கள் சட்டகங்களோடு ஒப்பிட்டது. சில இடங்களில் வேறுபாடு இருந்தாலும், கட்டியது அடிப்படையில் சரி என்று கண்டார்கள்.